உளமாரவா, கடவுள் அறியவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக உங்கள் வாசகர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை விடாமல் படித்து வருகிறேன். படித்தவன் சிலையையும் படத்தையும் விட்டுவிட்டு, கடவுள் என்பது ஒரு சக்தி, ஒரு தத்துவம், அன்புதான் கடவுள் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதினார். அப்படியானால் கடவுள் என்ற சொல்லே எதற்கு, மனிதநேயத்தை நம்பினால் போதாதா என்று அடுத்த வாரம் இன்னொருவர் கேட்டார். இருவருமே நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு கடையில் சோப்பு தீர்ந்துவிட்டால் வேறு சோப்பு வாங்கிக்கொள்வதுபோல, கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அன்பையோ மனிதநேயத்தையோ வைத்துக்கொள்ளலாம், நம்பிக்கை அப்படியேதான் இருக்கும் என்று இருவரும் நினைக்கிறார்கள். அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து சிவில் கோர்ட்டுகளில் 31 வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் பெஞ்ச் கிளார்க்காக. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு (கழற்ற வேண்டாம் என்று சொன்னாலும் கிராமத்துக்காரர்கள் கழற்றிவிடுவார்கள்) கூண்டில் ஏறி நிற்பார். அவருக்கு சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. “கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை.” சினிமாவில் காட்டுவதுபோல கீதை மேல் கை வைப்பதெல்லாம் கிடையாது. 1969-ஆம் வருடத்து சத்தியப் பிரமாணச் சட்டம் ஒரே வாக்கியத்தைத்தான் தருகிறது, அதன் தலையில் மட்டும் இரண்டு வழி இருக்கிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எதைச் சொன்னாலும் சட்டத்துக்கு ஒன்றுதான், பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றுதான்.

சட்டத்துக்கு ஒன்றுதான். சொல்கிறவருக்கு ஒன்றா என்பதை நான் ஒரு பாட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. இப்போதெல்லாம் முதல் விசாரணைக்குப் பிரமாணப் பத்திரத்தை டைப் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அப்போது கூண்டில் நின்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகம் ஆகிவிட்டது என்பது பிரதிவாதி கட்சி, அதற்கு சாட்சியாக அவர்களுடைய அத்தையைக் கூட்டி வந்திருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு சுருக்குப் பை. நான் “கடவுள் அறிய” என்று ஆரம்பித்தேன். பாட்டி வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “அதை விட்டுட்டு மத்ததைச் சொல்றேனே தம்பி” என்றார். கோர்ட்டே சிரித்துவிட்டது. முன்சீஃப் இளவயதுக்காரர், நல்ல மனிதர், சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். “உளமார உறுதி கூறுகிறேன்” என்று சொல்லிக்கொடுத்தேன். பாட்டி என்னைக் கூர்ந்து பார்த்து, “இது யார் மேல தம்பி சத்தியம்?” என்று கேட்டார். “யார் மேலயும் இல்ல பாட்டி, உங்க மனசு மேல” என்றேன். “மனசு தானே” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு கடகடவென்று சொல்லி முடித்தார், அப்புறம் பாகம் பிரித்த கதையையும் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். குறுக்கு விசாரணையில் நாலாவது கேள்விக்கே மாட்டிக்கொண்டார். பாகம் பேசியபோது பெரிய தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். அவர் செத்து அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த மாதம் என்னிடம் “கடவுள் அறிய” என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் பொய் சொன்ன அத்தனை பேரைவிட அந்தப் பாட்டிதான் கடவுளை நம்பியவர். பொய் சொல்லத் தயாராகத்தான் வந்தார், மருமகன்களுக்காக. ஆனால் ‘அவரை’ அதற்கு சாட்சியாகக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுப் பெரியவர் எதிரில் சீட்டாட மாட்டேன், கொல்லைப்பக்கம் போய் ஆடுகிறேன் என்பதுபோல. கடவுளுக்குக் கொல்லைப்பக்கம் தெரியாதா என்று கேட்காதீர்கள், அது வேறு கேள்வி.

இதற்கு நேர் எதிராக ஒருவரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் ஆகிவிடுவேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கருப்புச் சட்டைக்காரர். நான் “கடவுள்” என்று ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “உளமார” என்று அவரே சொன்னார். சொந்த மைத்துனருக்கு எதிராக உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு இறங்கினார். வெளியே வராந்தாவில் மைத்துனர் காறித் துப்பியதை நானே பார்த்தேன். சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, “பொய் சொல்லியிருந்தா உங்களை யார் சார் கேட்கப் போறா, உங்களுக்குத்தான் மேல ஆள் இல்லையே” என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர் கோபப்படவில்லை. “மேல ஆள் இல்லாததுதான்யா கஷ்டம். நீ பொய் சொன்னா ஒரு சூடம் ஏத்தி மன்னிச்சுக்கன்னு கேட்க இடம் இருக்கு. நான் எங்க போய்க் கேட்கறது?” என்றார்.

இந்த இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தால் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது இல்லை பேச்சு. இரண்டும் வேறு வேறு என்பதுதான். பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே. கடவுள் முன்னிலை. “நீ” என்று கூப்பிடலாம். அன்பு, நீதி, உண்மை எல்லாம் படர்க்கை, ‘அது’தான். தமிழில் “கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்” என்பதும் “கடவுளை நம்பியிருக்கிறேன்” என்பதும் ஒரே அர்த்தம் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலாவது ஒரு அபிப்பிராயம், பூமி உருண்டை என்று நம்புவது மாதிரி. இரண்டாவது, “உன்னை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்” என்று ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேட்பது. அதில் சண்டை போடும் உரிமை இருக்கிறது.

சண்டை என்றால் நிஜமான சண்டை. சுந்தரர் கண் பார்வை போன பிறகு திருவாரூருக்குப் போய் சிவனிடம், உம்மிடமே அடிமைப்பட்டுக் கிடக்கிறவர்கள் கஷ்டத்தைச் சொன்னால் பேசாமல் இருக்கிறீரே, நன்றாக இரும், “வாழ்ந்து போதீரே” என்று வாழ்த்துகிற மாதிரித் திட்டிவிட்டு வந்தார். விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே முருகனுக்கு வேண்டுதல் வைப்பதில்லை, பிராது கட்டுகிறார்கள். எங்கள் கோர்ட்டில் புழங்கிய அதே பிராது. காகிதத்தில் ஊர், பேர், என்ன குறை, யார் ஏமாற்றினான் என்று எழுதி, கட்டணம் கட்டி, முனியப்பர் சன்னதியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்தால் திரும்ப வந்து வாபஸ் வாங்க வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது. நான் முதல் தடவை பார்த்தபோது ஒரு நம்பர் போட்டு வாய்தா கொடுக்காததுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் என்று ஒரு கல், அதில் மிளகாயை அரைத்துப் பூசுகிறார்கள், திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும். நீதி என்பது அங்கே ஒரு கருத்து இல்லை. மிளகாய் பூசினால் எரியும் என்று நம்புகிற ஒரு உடம்பு.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம், தள்ளுகிறவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு, தள்ளிவிட்டு ‘கடவுள் ஒரு சக்தி’ என்று சொல்லிக்கொள்கிறவர்களோடுதான். சக்தி என்றால் என்ன? மின்சார வாரியத்திடமும்தான் சக்தி இருக்கிறது, வாய்தாவுக்குப் பணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். உங்கள் சக்தி எதைப் பிடுங்கும்? அது ராத்திரி உங்களைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்குமா, ஒரு பொய்யை வாய்க்குள்ளேயே நிறுத்துமா? எனக்குத் தெரிந்து கடவுளைத் தத்துவமாக்கிக்கொண்டவர்களில் பாதிப் பேர் தொந்தரவு இல்லாத ஒரு கடவுளைத் தேடிக்கொண்டவர்கள்தான். வேண்டுதல் இல்லை, விரதம் இல்லை, பயம் இல்லை, பாக்கியும் இல்லை. காருக்குப் பின்னால் ‘அன்பே சிவம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வயசான அம்மா ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் அடிக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். (நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், சரி.)

மனிதநேயத்தை மட்டும் நம்பினால் போதும் என்று எழுதிய நண்பருக்கு வருகிறேன். அவர் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதை அவரே சொல்லவில்லை. எங்கள் கோர்ட்டில் வாதி நெற்றியிலும் விபூதி இருக்கும், பிரதிவாதி நெற்றியிலும் அதே விபூதிதான். இரண்டு பேரும் தீர்ப்பு நாளன்று காலையில் சுவாமிமலைக்குப் போய் ஒரே முருகனுக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்திருப்பார்கள். ‘நீ’ என்று கூப்பிடுகிற கடவுள் எனக்கு வேண்டியவர். குலதெய்வம் என்றால் என் பங்காளிகளோடு சரி. அடுத்த தெருக்காரனுக்கு அது சாமியே இல்லை. எனக்கு வேண்டியவரை நடுவராக உட்கார வைத்தால் எதிராளி ஒத்துக்கொள்வானா? அதனால்தான் நீதி என்ற படர்க்கை வேண்டியிருக்கிறது, யாருக்கும் சொந்தக்காரன் ஆகாத ஒன்று. பழைய 1873-ஆம் வருடத்து சட்டத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்ததாக என் சீனியர்கள் சொல்வார்கள், பிறகு நானே எடுத்துப் படித்தேன். எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்துவிட்டால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் சொல்லலாம். எதிராளியும் சம்மதித்து அப்படியே சத்தியம் செய்துவிட்டால் அவர் சொன்னதுதான் முடிவு. கோயிலில் போய் சூடத்தை அணைத்து சத்தியம் செய்யட்டும், நான் விட்டுவிடுகிறேன் என்கிற மாதிரி. 1969 சட்டத்தில் அது இல்லை. எடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் தோற்பவன் எப்போதும் அந்தப் பாட்டி மாதிரி நம்புகிறவனாகத்தான் இருப்பான்.

இந்தக் கேள்வி நம் அரசியல் நிர்ணய சபையிலேயே வந்தது, பலருக்குத் தெரியாது. 1949 அக்டோபர் 17. முகப்புரையை எடுத்துக்கொண்ட அன்று எச்.வி. காமத், ‘இந்திய மக்களாகிய நாம்’ என்பதற்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரைச் சேர்ந்த தாணு பிள்ளை, தானும் நம்பிக்கையுள்ளவர்தான், ஆனாலும் நம்புவதும் நம்பாததும் ஒருவனுடைய உரிமை, அதில் கட்டாயம் கூடாது என்றார். அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சவுத்ரி எழுந்து, நாங்கள் காமாக்யா தேவியைக் கும்பிடுகிறவர்கள், ஆண் கடவுளை மட்டும் சொன்னால் எப்படி, தேவியை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். இதைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், ஆனால் கேள்வி நியாயமானது, ஏனென்றால் கருத்துக்கு ஆண் பெண் கிடையாது, ‘நீ’ என்று கூப்பிடும்போதுதான் யார் என்ற கேள்வி வரும். பூர்ணிமா பானர்ஜி, கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தை எங்களுக்குத் தராதீர்கள் என்று காமத்தைக் கேட்டுக்கொண்டார். காமத் கேட்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் 27 ஓட்டில் தோற்றார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் நாத்திகர்களா? அப்படி இல்லை. இது எங்கள் சரித்திரத்தில் கறுப்பு நாள் என்று காமத் வருத்தப்பட்டுப் பேசினார்.

முகப்புரையில் மிச்சமிருப்பவை நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். எல்லாமே படர்க்கை. ஆனால் அதே அரசியல் சாசனத்தின் மூன்றாவது அட்டவணையில், அமைச்சரும் நீதிபதியும் எடுக்கும் உறுதிமொழியில், கடவுளை வைத்துக்கொண்டார்கள், பக்கத்திலேயே உளமார என்பதையும் வைத்தார்கள். நாட்டுக்குப் பொதுவான ஏட்டில் கருத்து, தனி ஆள் வாயைத் திறக்கும் இடத்தில் அவனவன் விருப்பம். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. 1967-இல் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் உளமாரத்தான் உறுதி எடுத்தார்கள். ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ என்று மேடைதோறும் சொன்னவர், பதவி ஏற்கும்போது அந்த ஒருவனைக் கூப்பிடவில்லை. முரண்பாடு என்று சிலர் கேலி பேசுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ‘ஒருவன்’ அவருக்கு ஒரு கருத்து, எல்லோரும் சமம் என்பதைச் சொல்ல ஒரு வழி. கருத்தை சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் மனசாட்சி என்ற சொல்லைப் பாருங்கள், அதற்குள்ளேயே சாட்சி இருக்கிறது. வள்ளுவர் பொய்யைப் பற்றிச் சொன்ன இடத்தில் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லவில்லை, தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்றார். ஆக உளமார என்கிறவனும் தனியாக இல்லை, தனக்குள் ஒருவனை உட்கார வைத்திருக்கிறான். வாத்தியார் சொன்னது அதுதான். வித்தியாசம் என்னவென்றால், உள்ளே இருப்பவனிடம் சமாதானம் பேசுவது கஷ்டம். அவனுக்கு உண்டியல் இல்லை, பரிகாரம் இல்லை, மொட்டை போட்டால் குளிர மாட்டான். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, அதனால் நான் முருகனோடு இருந்துவிட்டேன்.

இருந்துவிட்டதில் ஒரு வசதியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், எழுபது வயதாகிவிட்டது, இனி யாரிடம் மறைக்கப் போகிறேன். கொஞ்ச காலம் நகல் பிரிவில் இருந்தேன். தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்ட ஒரு விவசாயி, அப்பீலுக்கு நாள் நெருங்குகிறது என்று தினமும் வந்து நின்றார். வரிசைப்படி வந்தாலே ரெண்டு நாளில் கிடைத்திருக்கும். வேலை ஜாஸ்தி என்று இழுத்தேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து இருபது ரூபாய் எடுத்து மேஜையில் லெட்ஜருக்கு அடியில் வைத்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்று சாயங்காலமே நகல் கொடுத்துவிட்டேன், அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. வெள்ளிக்கிழமை சுவாமிமலைக்குப் போனேன், அறுபது படியும் ஏறி, அந்த இருபதோடு என் பணம் ஐம்பதையும் சேர்த்து உண்டியலில் போட்டுவிட்டு, தப்புப் பண்ணிட்டேன் முருகா என்று சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

அவருடைய விலாசம் நகல் மனுவில் இருந்தது. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். போகவில்லை. முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆளிடம் போயிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெஞ்ச் கிளார்க்,
கும்பகோணம்.